பீங்கான் வீட்டைத் தேடியவள்

இன்சாப்பின் முகத்தைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். ஊரார் அவனை எழுத்தாளர் என்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். நான் சொல்ல வந்தது அவனுடைய ராத்தா, கூடப் பிறந்த அக்கா றஹ்மாவைப் பற்றி.

புத்தளத்தில் களப்புக்குப் போகும் ஒழுங்கையில் என் பக்கத்து வீட்டுக்காரி அவள். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பாள். தொண்ணூறில், யுத்தத்துக்குள், முஸ்லிம்களான எங்கள் சனத்தை மன்னாரிலிருந்து துரத்தியபோது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை, இன்சாப் சின்னஞ்சிறுசு. வழி முழுக்க அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவள் அவள்தான். உம்மா மௌத்தாகி அடக்கம் செய்த பிறகு அவனைப் படிக்க வைத்ததும் அவளுடைய இடியப்ப உரல்தான்.

யுத்தம் முடிந்து சில வருஷங்களில் அவள் ஊரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி, தானே அச்சடித்தாள். அதற்கு ஒரே காரணம் தவமலர். ஒரே வகுப்பில் படித்த தமிழ்ப் பிள்ளை. கடற்கரையில் கவிழ்ந்து கிடந்த உடைந்த வள்ளத்துக்கு அடியில் இருவரும் பீங்கான் கோப்பைத் துண்டுகளை அடுக்கி விளையாடுவார்களாம். அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் பீங்கான் வீடு. அது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த பெயர். புறப்பட்ட அன்று தவமலரிடம் சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை. பிறகு அவள் எங்கே போனாள், உயிரோடு இருக்கிறாளா, ஒன்றும் தெரியாது.

அச்சடித்ததெல்லாம் அலுமாரிக்குள் கிடந்தது. இணையப் புத்தகக் கடை ஒன்றில் ஏற்றித் தருகிறேன் என்று இன்சாப் மடிக்கணினியோடு வந்தான். நானும் அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

"பேரும் படமும் மட்டும் போதாது ராத்தா. தேடுற ஆக்கள் எந்தச் சொல்லைத் தட்டுவாங்களோ, அதை நாங்க முதல்லேயே எழுதி வைக்கணும். அப்பதான் புத்தகம் முன்னுக்கு வரும்" என்று 'வரலாறு, இடப்பெயர்வு' என எழுதப் போனான்.

றஹ்மா மறித்தாள். "அதை ஆர் தேடுவா? ஊராக்கள் தேடுறது எங்கட பள்ளிக்கூடத்தை, எங்கட கிணத்தைத்தானே." ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசியில் வெட்கப்பட்டுக்கொண்டு, "பீங்கான் வீடு எண்டும் போடு" என்றாள்.

"அதென்ன?"

"ஒரு ஆள் மட்டும் தேடும். அந்த ஆளுக்குத்தான் புத்தகமே."

அவன் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டான். வீட்டுக்குப் போய் ஏற்றிவிடுகிறேன் என்று கிளம்பினான்.

மாதக்கணக்கில் புத்தகத்தைத் தேடி ஒருவரும் வரவில்லை. கேட்டால், "மெதுவாத்தான் ஏறும், பொறுங்க" என்பான். அவளும் தம்பி சொன்னால் சரி என்று பொறுத்தாள். பிறகு அவளுடைய மகள் றிஷ்னா கையில் போன் வந்தது. எங்கள் முன்னால் வைத்துப் 'பீங்கான் வீடு' என்று தட்டினாள். முதலில் வந்தது இன்சாப்பின் புத்தகம். தன் பிள்ளைப் பருவத்து ஊர் நினைவுகளாம். அந்தக் கடையில் ஒவ்வொரு புத்தகத்துக்குக் கீழும் அதன் தேடுசொற்கள் தெரியும். றஹ்மா சொன்ன அத்தனை சொல்லும் அவனுடையதற்குக் கீழே. அவளுடைய புத்தகத்துக்குக் கீழே 'வரலாறு, இடப்பெயர்வு' மட்டும்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அவனுடைய புத்தகத்தின் கீழ், போன நோன்பு மாதத்தில், ஒருத்தி எழுதியிருந்தாள்: 'நான் தவமலர். பீங்கான் வீடு என்று தட்ட இது வந்தது. அந்தப் பெயர் எனக்கும் றஹ்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். தம்பிக்கு றஹ்மாவைத் தெரியுமா?'

கை கூசாமல் பதில் போட்டிருக்கிறான்: 'வாசித்ததற்கு நன்றி. அப்படி யாரையும் எனக்குத் தெரியாது.'

அவள் மறுபடி எழுதியிருந்தாள்: 'சரி தம்பி. அப்போ அவள் உயிரோடு இல்லைப்போல.'

றஹ்மா அழவில்லை. இன்சாப்பைக் கூப்பிட ஆள் அனுப்பினாள். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "சொல்லு எல்லாருக்கும் பொதுதானே ராத்தா. தெரியும் எண்டு சொன்னா, அது உங்கட கதை எண்டு வந்திடும்" என்றான்.

"சொல்லையும் எடு, கதையையும் எடு. என்னை ஏன்டா மௌத்தாக்கின?"

"நான் அப்பிடிச் சொல்லல்லையே. தெரியாது எண்டுதானே..."

"போ" என்றாள். அன்றிலிருந்து அவன் அந்த வாசல் மிதிக்கவில்லை.

றிஷ்னா எல்லாச் சொற்களையும் உம்மாவின் புத்தகத்துக்குக் கீழே எழுதினாள். தவமலரின் கேள்விக்குக் கீழே, 'நான் இருக்கிறேன்' என்று றஹ்மா தன் கையாலேயே தட்டினாள். இன்றுவரை பதில் இல்லை. இப்போது பீங்கான் வீடு என்று தட்டினால் முதலில் வருவது றஹ்மாவின் புத்தகம்தான்.

"பாரேன், ஒரு நாளைக்குத் தவமலர் தேடுவா, கிடைக்கும்" என்று அவளைத் தேற்றப் பார்த்தேன்.

இடியப்பத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"அவ தேடிட்டா" என்றாள்.