ஆஸ்திரேலியா ஓட்டக்காரியும் அமாவாசைக் குங்குமமும்

மகளை விழுப்புரம் ஓட்டப் பந்தயத்துக்கு அனுப்ப மாட்டேன் என்று வீட்டுக்காரர் பிடிவாதம் பிடித்தார். எனக்குப் படிக்கத் தெரியாது. பேப்பரில் வந்த ஆஸ்திரேலியா ஓட்டக்காரியின் கதையை மகள்தான் படித்துக் காட்டினாள். அதை அவரிடம் சொன்னேன்.

"அரை டவுசர் போட்டு ஓடினா எவன் கட்டுவான்னீங்களே, இந்தப் பொண்ணு கல்யாணம் ஆயி ரெண்டு புள்ளைங்க பொறந்தப்புறமும் ஓடி ஜெயிச்சுதாம்!"

"அப்ப இவளும் கட்டிக்கினு அப்புறமா ஓடட்டும். மயிலத்துல மாப்பிள்ளை பாத்துக்கினுதான் இருக்கேன்."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நல்லவேளை, பந்தயம் அமாவாசையன்று வந்தது. அமாவாசைக்குக் கூட்டம் கூடும் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கென்று சொல்லிவிட்டு, திண்டிவனத்தில் இருவரும் விழுப்புரம் பஸ் ஏறினோம். அம்மன் பேரில் பொய் சொன்ன பயத்தில் வழியெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மகள் முதலாவதாக வந்தாள், சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். பிறகு பஸ் ஸ்டாண்டில் குங்குமப் பொட்டலம் தேடி அலைந்தேன். சாயங்காலம் அதை அவர் நெற்றியில் வைத்தபோது, "ஆத்தா, இவளுக்கு ஜல்தியா கல்யாணம் ஆவணும்" என்று கண்ணை மூடிக் கும்பிட்டார்.