தீர்த்தம் வற்றாத செம்பு

ஒரு பித்தளைச் செம்புக்காக என் கணவர் ஜெயிலுக்குப் போகப் பார்த்தார். மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலச் சட்டம் நடப்பில் இருந்த அந்த வருஷங்களில் உள்ளே போவதற்குக் கௌரவமான காரணங்கள் எத்தனையோ இருந்தன. காட்டுக்குள் துப்பாக்கியோடு திரிந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொடுத்தார், மருந்து கொடுத்தார் என்று ஆட்களைப் பிடித்துப் போனார்கள். இவர் மேஜிக் காட்டி மாட்டிக்கொண்டார்.

அப்போது நாங்கள் புக்கிட் ரோத்தானிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அவர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. நான் வேதக்கார வீட்டுப் பெண், அவர் மாரியம்மன் கோயிலுக்குக் காப்புக் கட்டுகிற வீட்டுப் பிள்ளை. கல்யாணம் என்றதும் இரண்டு வீட்டிலும் ஒரு மாதம் சோறு இறங்கவில்லை. பிறகு இறங்கியது. பசி யாரை விட்டது?

கல்யாணமான வருஷமே அவர் சிங்கப்பூரிலிருந்து தபாலில் ஒரு மேஜிக் பெட்டி வரவழைத்தார். அதற்குள் ஒரு கறுப்புத் தொப்பி, ஒரு கறுப்புக் குச்சி, காகிதப் பூக்கள், ஒரு சத்தியப் பத்திரம். வித்தையின் ரகசியத்தை உயிர் போனாலும் வெளியே சொல்ல மாட்டேன் என்று அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் மேஜிக்காரர் சங்கத்தில் உறுப்பினராம். கல்யாண ரிஜிஸ்தரில் போட்டதைவிட அழகாக அதில் கையெழுத்துப் போட்டார்.

முதல் ஆட்டம் காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நடந்தது. ஊரடங்கு இருந்ததால் எல்லாமே வெளிச்சத்தோடு முடிய வேண்டும். இவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்ததும் ஜனம் சிரித்தது. தோட்டத்துத் துரை மாதிரி வேஷம் கட்டியிருக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். தொப்பிக்குள்ளிருந்து காகிதப் பூவை உருவ உருவ, பின்னாலிருந்து ஒரு குரல், “துரை தலைக்குள்ள இவ்ளோ நாளா இதான் இருந்துச்சா?” என்றது. அதற்குத்தான் கைதட்டல் விழுந்தது, இவருக்கு இல்லை.

இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தார். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து, “தொப்பியப் பாத்து நம்மாளு எதுக்கு ஆச்சரியப்படுவான்? அவன் பாக்குற சாமான்லதான் வித்தையக் காட்டணும்” என்றார். அன்றோடு எங்கள் வீட்டில் தொப்பி போய்க் கும்பம் வந்தது. குச்சி போய்ச் சின்ன வேல் வந்தது. சீட்டுக்கட்டுக்குப் பதில் எலுமிச்சம்பழம். மேசைக்கு மஞ்சள் துணி.

என் பக்கத்துச் சாமியையும் அவர் விடவில்லை. கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டார் முன்னால் ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் ஒரு தகர டப்பாவில் போட்டு மூடி, திறக்கும்போது டப்பா நிறைய மீனாகக் காட்டினார். டப்பாவுக்கு இரட்டை மூடி. மேல் மூடிக்குள் சுங்கை செம்பிலாங்கில் வாங்கின மீன் காலையிலிருந்து ஒளிந்திருந்தது. எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். என் அப்பா மட்டும் நிதானமாக, “கர்த்தர் பண்ணுனப்போ மீனு நாறல மாப்ள” என்றார்.

அடுத்த மாதங்களில் அரிசிக்குக் கட்டுப்பாடு கடுமையானது. சைக்கிள் பம்புக்குள்ளும் ரப்பர் பால் வாளியின் போலி அடிக்குள்ளும் காட்டுக்கு அரிசி போகிறது என்று தோட்டத்துக் கேட்டில் ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்தார்கள். கள்ள அறை வைத்த பாத்திரத்தோடு பிடிபட்டால் கேள்வி பிறகு, விலங்கு முதலில். நான் அந்த மீன் டப்பாவை நசுக்கிக் குழி தோண்டிப் புதைத்தேன். இனி இரட்டைச் சுவர், இரட்டை மூடி எதுவும் இந்த வீட்டுக்குள் வரக் கூடாது என்றேன். தலையாட்டினார். தலையாட்டிவிட்டு, கோலசிலாங்கூரில் தகர வேலை செய்யும் ஒரு சீனரிடம் போய் ஒரு பித்தளைச் செம்புக்குள் இன்னொரு செம்பை வைத்து ஈயம் பற்றவைத்துக்கொண்டு வந்தார்.

“இதுல தண்ணிதான புள்ள. தண்ணிக்கா ரேஷன் போட்டுருக்கான்?” என்றார்.

செம்பின் விஷயம் இதுதான். இரண்டு சுவருக்கும் நடுவே ஒளிந்திருக்கும் தண்ணீர், உள்ளே அடியில் இருக்கும் ஓட்டை வழியாக மெல்ல ஊறி வரும். வெளியே கழுத்துக்குக் கீழே ஊசி போகிற அளவு இன்னொரு துளை. அதைக் கட்டை விரலால் அடைத்தால் ஊற்று நிற்கும். விரலை எடுத்தால் செம்பு தானாக நிரம்பும். கவிழ்த்து ஊற்றிக் காலி என்று காட்டிவிட்டு, கீழே வைத்து, மறுபடி எடுத்து ஊற்றலாம். மூன்று தடவை ஊற்றலாம். நாலாம் தடவை கடவுள்தான் வர வேண்டும்.

கடவுள் வந்தாள். அதுதான் சங்கடமாகப் போயிற்று.

அந்த ஆட்டத்தன்று மேசையில் மஞ்சள் துணி விரித்து, மாவிலையும் தேங்காயுமாகக் கும்பத்தை வைத்து, பக்கத்தில் செம்பை வைத்தோம். அவ்வளவுதான், களத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து செருப்பைக் கழற்றினார்கள். யாரோ சூடம் கொளுத்தினார். மேஜிக் என்று தொடங்கிய இவர் குரல் குலவைச் சத்தத்தில் மூழ்கிப்போனது. ஆட்களை வேலை வாங்கும் மண்டோரின் சம்சாரத்துக்கு அருள் வந்துவிட்டது. அந்த அம்மாள் கனத்த உடம்புக்காரி. ஆடிக்கொண்டே மேடைக்கு வந்து, “கனி எங்கடா?” என்று கேட்டாள்.

இவர் பயத்தில் கைக்குக் கிடைத்த எலுமிச்சம்பழத்தை நீட்டினார். அது வித்தைக்கான பழம். குடைந்து உள்ளே ஒரு சிவப்புப் பட்டுக் கைக்குட்டையைத் திணித்து வைத்திருந்தோம். அந்த அம்மாள் அதை ஒரே கடியாகக் கடித்தாள். வாயிலிருந்து பட்டு வந்தது. இழுக்க இழுக்க வந்தது. ஜனம் தரையில் விழுந்து கும்பிட்டது. இவரும் விழுந்து கும்பிட்டார், அந்த நேரத்தில் வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லையாம்.

பிறகு செம்பு. ஊற்றிக் காலி என்று காட்டினார், வைத்தார், எடுத்து ஊற்றினார். கைதட்டுவார்கள் என்று தலையைக் குனிந்து காத்திருந்தவர் நிமிர்ந்தபோது எதிரே ஒரு வரிசை நின்றது. வலது கையைக் குழித்துக்கொண்டு எண்பது பேர் தீர்த்தத்துக்கு நின்றார்கள். மூன்று தடவைக்கு மேல் வராத செம்பு. நான் மஞ்சள் துணிக்குக் கீழே ஒரு வாளியோடு குனிந்து உட்கார்ந்து, அவர் செம்பை மறைவாக இறக்க இறக்க முக்கி முக்கிக் கொடுத்தேன். பைப்புத் தண்ணீர். பைபிள் படித்து வளர்ந்த என் கையால் ஒரு தோட்டமே மாரியம்மன் தீர்த்தம் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

மறுநாள் மண்டோர் சம்சாரம் வந்து, மூன்று வருஷத்து இடுப்பு வலி போய்விட்டது என்றாள். அவ்வளவு ஆடினால் வலி என்ன, இடுப்பே போயிருக்கும் என்று நினைத்தேன்.

பேர் பரவியது. தஞ்சோங் காராங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் திருவிழாவுக்குச் செம்போடு வரச் சொல்லி லோரியே அனுப்பினார்கள். போக வேண்டாம் என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன். “கேட்டுல பிடிச்சா என்னா சொல்வீங்க?” என்று கேட்டேன். “தண்ணின்னு சொல்வேன்” என்றார். சுவருக்கு நடுவே தண்ணீர் நிரம்ப நேரமாகும் என்பதால் வீட்டிலேயே நிரப்பி என் கையில் கொடுத்தார். மண்டோர் சம்சாரமும் இன்னும் பத்துப் பேரும் எங்களோடு கிளம்பினார்கள்.

காலை பத்து மணி இருக்கும். முள்கம்பிக் கேட்டில் நின்ற மலாய்ப் போலீஸ்காரர், நாங்கள் மாத்தா என்று சொல்வோம், நல்ல மனிதர். என் கையிலிருந்து செம்பை வாங்கினார். “ஆயர் லா, துவான்,” தண்ணீர்தான் ஐயா என்று இவர் மலாயில் சொன்னார். மாத்தா தண்ணீரைக் கீழே ஊற்றினார். உள்ளே பார்த்தார், காலி. மேசைமேல் வைத்துவிட்டு என் கூடையைச் சோதித்தார். திருப்பிக் கொடுக்க எடுத்தபோது செம்பில் தண்ணீர் இருந்தது. மறுபடி ஊற்றினார். மறுபடி வைத்தார். மறுபடி தண்ணீர். அவர் ஏதோ ஓதிக்கொண்டே நாலடி பின்னால் போய் விசில் ஊதினார்.

காவல் கொட்டகைக்குள்ளிருந்து வெள்ளைக்கார ஆபீசர் வந்தார். சின்ன வயசு, வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. செம்பைக் கைத்தடியால் தட்டிக் கேட்டார். மேலே ஒரு சத்தம், பக்கவாட்டில் வேறு சத்தம். முகம் மாறிவிட்டது.

“இதற்குள்ளே இன்னொரு அறை இருக்கிறது. எதற்கு?” என்று இங்கிலீஷில் கேட்டார்.

என் கணவர் கிராணி. நன்றாக இங்கிலீஷ் பேசுவார். மேஜிக் சாமான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் மாத்தா கையிலிருந்த துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டே, “அதைச் சொல்லக் கூடாது சார். சத்தியம் செய்திருக்கிறேன்” என்றார்.

“யாருக்கு?”

“சங்கத்துக்கு.”

அவசரகாலத்தில், போலீஸ் கேட்டில், கள்ள அறை வைத்த பாத்திரத்தோடு நிற்கிற ஒருவன் வாயிலிருந்து வரக் கூடாத வார்த்தைகளை எல்லாம் வரிசையாக எடுத்துவைத்தார். ஆபீசர் விலங்கை எடுக்கச் சொன்னார். உளி கொண்டுவந்து செம்பை வெட்டிப் பார்க்கச் சொன்னார். உளி என்றதும் இவர், “செம்பை வெட்டாதீர்கள் சார், என்னைக் கொண்டு போங்கள்” என்றார். இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். விலங்கு மாட்டினார்கள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. காகிதப் பூ அனுப்பின எவனோ ஒருவனுக்குச் செய்த சத்தியம் பெரிது, தாலி கட்டினவள் பெரிதில்லை. பக்கத்தில் மண்டோர் சம்சாரம் செம்பைப் பார்த்துக் கை கூப்பி நின்றாள். உண்மையைச் சொன்னால் அந்த அம்மாளின் சாமியைக் கெடுத்த பாவம். சொல்லாவிட்டால் புருஷன் போய்விடுவான். நான் எந்தச் சங்கத்திலும் சேரவில்லை. மிஷன் பள்ளியில் படித்த இங்கிலீஷைத் திரட்டிக்கொண்டு, “கொடுங்கள், காட்டுகிறேன்” என்று செம்பைப் பிடுங்கினேன்.

கேட்டிலேயே தண்ணீர் நிரப்பி ஊற்றினேன். விரலை வைத்தேன், ஊறவில்லை. எடுத்தேன், ஊறியது. துளையை ஆபீசர் மூக்குக்கு நேரே காட்டினேன். இது வித்தைச் சாமான், இவர் வித்தைக்காரர், கொஞ்சம் பைத்தியம் என்றேன். ஆபீசர் வாங்கித் தானே செய்து பார்த்தார். கால்சட்டை நனைந்தது. மறுபடி நிரப்பச் சொல்லி மறுபடி செய்தார், காலில் இருந்த சப்பாத்து நனைந்தது. மூன்றாம் தடவை சரியாக வந்ததும் பள்ளிப்பிள்ளை மாதிரி சிரித்தார். விலங்கைக் கழற்றச் சொன்னார். ஆனால் இரட்டைச் சுவர்ப் பாத்திரம் கேட்டைத் தாண்டக் கூடாது, அது சட்டம் என்று சொல்லிச் செம்பை அவரே வைத்துக்கொண்டார். பிறகு அவருடைய சகாக்கள் எல்லாருடைய கால்சட்டையும் நனைந்ததாகக் கேள்விப்பட்டேன்.

நான் மண்டோர் சம்சாரத்தைத் திரும்பிப் பார்க்கவே கூசினேன். அந்த அம்மாள் என் தோளைத் தொட்டு, “தண்ணி எந்த ஓட்ட வழியா வந்தா என்னா கிராணியம்மா? எனக்கு இடுப்பு வலி போனது போனதுதான் லா” என்றாள். மற்றவர்களோடு லோரியில் ஏறித் திருவிழாவுக்குப் போய்விட்டாள்.

நாங்கள் இருவரும் வீட்டுக்கு நடந்தோம். அவர் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே வந்தார். பாதி வழியில் வாயைத் திறந்து, “விரல கொஞ்சம் சீக்கிரம் எடுத்துட்ட” என்றார்.

நான் ரப்பர் மரத்தடியில் நின்றுவிட்டேன். வாய்க்கு வந்தபடி ஏசினேன். சங்கமா நானா, செம்பா நானா, உங்களைக் கொண்டுபோயிருந்தால் நான் எங்கே போய்த் தேடுவேன் என்று கேட்டு அழுதேன்.

“சங்கமுமில்ல, ஒண்ணுமில்ல” என்றார். “பயந்துட்டேன் புள்ள. துப்பாக்கியப் பாத்ததும் எனக்கு நாக்கே எழும்பல. வாயத் தொறந்தா அழுதுருவேன். அத்தன பேரு நிக்குறாங்க. சத்தியங்குறது மட்டும்தான் வாயில வந்துச்சு.” கையை நீட்டிக் காட்டினார். விலங்கு அழுத்திய தடம் சிவந்திருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன், தோட்டத்து ஆட்களின் லய வீடுகள் கண்ணுக்குத் தெரிகிற இடம் வரை விடவில்லை.

அதற்குப் பிறகு எந்த விசேஷத்தில் யார் கேட்டாலும் அவர் சத்தியத்துக்காக நின்றார் என்றுதான் சொல்லிச் சிரிக்கவைத்தேன். “வயசாயிருச்சு, இருக்குறத எழுது” என்று அவரே சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். என் புருஷனைப் பைத்தியம் என்று ஊரே சொன்னது, அது எனக்கு வலிக்கவில்லை. கோழை என்று ஒருவர் சொல்லியிருந்தாலும் என்னால் தாங்கியிருக்க முடியாது.