தேய்மானம் கிடைக்காத முழங்கால்

காரிமங்கலத்துக்குத் தெற்கே உள்ள அந்தக் கிராமத்துக் கத்தோலிக்கக் கோயிலில் பூசைக்கு வருகிறவர்கள் எல்லாரும் தரையில்தான் உட்கார வேண்டும். உபதேசியார் மதலைமுத்துவுக்கு மட்டும் முன்னால் ஒரு நாற்காலி. ஊருக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. முப்பது வருடம் மண்டிபோட்டதில் அவர் முழங்கால் தேய்ந்துவிட்டது என்று ஊர் நம்பியது. அப்படி முதலில் சொன்னவர் அவரே. 1964-இல் அந்த நாற்காலி வந்த நாளிலிருந்து, வலிக்காத நாளிலும் அவர் நொண்டத் தவறியதில்லை.

1972 ஈஸ்டருக்கு மறுநாள் வலது முழங்கால் வீங்கிச் சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போனது. மனைவி ராயம்மாள் அவரைத் தருமபுரி பஸ்ஸில் ஏற்றினாள். அவ்வளவு வலியிலும் உபதேசியாருக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி. புதிதாக வந்திருந்த பங்குச்சாமியார் நாற்காலியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க ஆரம்பித்திருந்தார். தேய்மானம் என்று டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டால் யார் வாயைத் திறப்பார்கள்?

தருமபுரி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜானகியம்மாள் கேட்டார்: "வலி எப்பெப்ப வருது?"

"கிறிஸ்துமஸ் ஆனா வரும், ஈஸ்டர் ஆனா வரும், அந்தோனியார் திருநாள் ஆனா வரும்ங்க. தபசு காலம் நாப்பது நாளும் எட்டிக்கூடப் பாக்காதுங்க. ஜெபத்தோட மகிமைங்க அது."

"அந்த நாப்பது நாளும் கறி உண்டா?"

"தபசுல எவனாச்சும் கறி திம்பானுங்களா?" உபதேசியார் மனம் புண்பட்டது.

"தபசு முடிஞ்சா?"

அதற்கு ராயம்மாள் பதில் சொன்னாள். "ஈரலு, கொடலு, தலைக்கறி, ஒண்ணும் வுடறதில்லீங்க. போன வருசம் சாராயக்கடை தெறந்தாங்க பாருங்க, அதுல இருந்து அதுவும்."

டாக்டர் முழங்காலில் ஊசி போட்டு நீரை இழுத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். "மூட்டுக்குள்ள யூரிக் அமிலம் உப்பா உறைஞ்சு, ஊசி ஊசியா நிக்குது. கவுட்டுன்னு பேரு."

"அப்பக் கொழம்புல உப்பக் கொறச்சுக்கறேனுங்க."

"அந்த உப்பு இல்லீங்க. கொழம்புல கெடக்கிற கறியக் கொறைங்க. சாராயத்த அடியோட வுடுங்க. மாத்திரை தர்றேன், வீக்கம் வடிஞ்சிரும்."

"தேய்மானம் கொஞ்சங்கூட இல்லீங்களா?" கடையில் கொசுறு கேட்பவரைப் போலக் கேட்டார் உபதேசியார்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். "எளவட்டத்து எலும்பாட்டம் இருக்குங்க."

சரி, கிளம்பலாம் என்று ராயம்மாள் எழுந்தாள். எழும்போது அவள் முழங்கால் போட்ட சத்தம் டாக்டருக்கே கேட்டது. உட்காரவைத்து முழங்காலை மடக்கி நீட்டினார், நறநறவென்றது. எக்ஸ்ரே எடுத்தால், இரண்டு எலும்புக்கும் நடுவே இருக்கவேண்டிய இடைவெளியைக் காணோம்.

"இதுதான் தேய்மானம். நீங்களும் மண்டிபோடுவீங்களா?"

"ஜெபத்துக்கு எங்கீங்க நேரம்? காட்டுல களை வெட்டறது குந்திக்கிட்டு. சனிக்கெழமையானா கோயில் பூராவும் சாணி மொழுவறது மண்டிபோட்டு."

"தேஞ்சது வளராதும்மா. தொடைக்குப் பயிற்சி சொல்லித் தர்றேன், ஒத்தடம் குடுங்க. தரையில குந்தாதீங்க. நாற்காலியில உக்காருங்க."

"எங்க வூட்ல நாற்காலி இல்லீங்க. கோயில்ல ஒண்ணு இருக்குது."

டாக்டர் அதையும் சீட்டில் எழுதினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் உபதேசியார் குரலைத் தாழ்த்தினார். "சாமிகிட்டத் தேய்மானம்னு மட்டும் சொல்லு புள்ள."

"சொல்றேன். எனக்குன்னு சொல்றேன்."

சொல்லவும் செய்தாள். பங்குச்சாமியார் சீட்டை இரண்டு முறை படித்தார். ஞாயிற்றுக்கிழமை நாற்காலி பெண்கள் பக்கம் போயிருந்தது. ராயம்மாள் அதில் கூச்சத்தோடு நுனியில் உட்கார்ந்தாள். உபதேசியாருக்கு வேறு வழியில்லை. மாத்திரையில் வீக்கம் வடிந்திருந்ததால், எட்டு வருடத்தில் முதல்முறையாகப் பூசை முழுக்க மண்டிபோட்டே இருந்தார்.

வெளியே வந்ததும் ஊர்க்காரன் சவரி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "பொண்டாட்டிக்கு நாற்காலிய வுட்டுக்குடுத்துட்டு, தேஞ்ச முட்டியோட மண்டிபோட்டீங்களே உபதேசியாரே. உங்களாட்டம் யாருக்கு வரும்?"

சுற்றி நின்றவர்கள் ஆமாம் என்றார்கள். உபதேசியார் இல்லை என்று சொல்லவில்லை. தலையை மட்டும் பணிவாகத் தாழ்த்திக்கொண்டார். அடுத்த வாரமே அவர் பெயர் நல்லம்பள்ளி வரை போய்விட்டது. ராயம்மாளைப் பற்றி யாரும் ஒன்றும் பேசவில்லை. அவள் சும்மா உட்கார்ந்துதானே இருந்தாள்.