பிக்கப்புக்குப் பொருத்தம் பார்த்த எங்கள் அண்ணர்

இந்த நினைவு மலரின் முன்பக்கங்களில் அண்ணரைப் பற்றி எழுதிய எல்லாரும், சொல்லிவைத்தாற்போல், அவர் பொய் பேசாதவர் என்று எழுதியிருக்கிறார்கள். உண்மைதான். அவருடைய ஒரே உடன்பிறப்பான தங்கை என்னையும் அதையே எழுதச் சொன்னார்கள். எழுதத்தான் போகிறேன். ஆனால் அந்தக் குணத்தைப் புகழ்ந்து எழுத எனக்குக் கை வரவில்லை. அது எனக்கு என்ன செய்தது என்று எங்கள் ஊரான அக்கராயனில் பலருக்குத் தெரியும். தெரிந்தும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இதைக் கையில் வாங்கும் உங்களில் யாராவது கோபித்தாலும் எனக்குப் பரவாயில்லை.

அண்ணர் வடமராட்சியில் பிறந்தவர். காணி குறைந்த குடும்பம். என்னைப் பெற்ற கையோடு அம்மா போய்விட்டார். ஐயா நெருப்புக்காய்ச்சலில் போனபோது நான் தனியாகக் கிணற்றடிக்குப் போகக்கூடத் தெரியாத பிள்ளை. என்னைக் குளிப்பாட்டி, சோறு தீத்தி, தலை பின்னிவிட்டவர் அண்ணர்தான். மாட்டுக்குக் கயிறு திரிப்பதுபோல் இழுத்துத் திரித்துவிடுவார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள். அக்கராயன் குளத்தின் கீழ் காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் என்னையும் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்தார். அப்போது இங்கே காடுதான். மலேரியாவில் நடுங்கிக்கொண்டே காடு வெட்டினார். விதைத்த முதற்போகத்தை யானை தின்றது. இரண்டாம் போகத்தில்தான் வீட்டில் நெல் மூட்டை ஏறியது.

அவருக்குச் செவ்வாய்க் குற்றம் இருந்ததால் பொருத்தம் சரிவரவில்லை. பிறகு அவரும் தேடவில்லை. எனக்கு அதே குடியேற்றத்தில் சம்பந்தம் பேசி வந்தார்கள். சின்ன வயதில் எனக்கு வலிப்பு வந்ததை அண்ணர் தானாகவே அவர்களுக்குச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் என் மாமியார், "மறைக்காமல் சொன்ன மனிசன். இந்த வீட்டிலை பொம்பிளை எடுக்கலாம்" என்று உடனே சம்மதித்துவிட்டார். அண்ணருடைய உண்மை அந்த ஒருமுறை எனக்கு நல்லது செய்தது.

இனிப் பிக்கப்பின் கதை. உலக யுத்த காலத்தில் பட்டாளம் பாவித்துக் கழித்த பிக்கப் லொறி ஒன்றை அண்ணர் வாங்கி ஓடினார். நெல், உரம், மரக்கறி எல்லாம் அதில்தான் போகும். அதைவிட, குடியேற்றத்தில் யாருக்காவது வருத்தம் கடுமையானால் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக அந்த ஒரு வாகனம்தான் இருந்தது. மரக்குற்றி ஏற்றி வந்த ஒருநாள் எஞ்சினையும் மேற்கூட்டையும் தாங்கும் அதன் அடிச்சட்டம் வெடித்தது. இரண்டு தரம் ஒட்டினார்கள். மூன்றாம் தரம் முறிந்தே போனது. கிளிநொச்சியில் கராச் வைத்திருந்தவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழும்பினார். "இனி ஒட்டினால் ஆக்களைக் கொல்லும். சட்டத்தையே மாத்துங்கோ. எஞ்சின் நல்லாயிருக்கு, பொருந்தின சட்டம் ஒண்டு எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றார்.

அப்போது நான் வயிற்றில் பிள்ளையோடு இருந்தேன். மருத்துவிச்சி அம்மா வயிற்றைத் தடவிப் பார்த்து, பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்றார். "வயித்துக் குத்துத் தொடங்கின உடனை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கோ. வீட்டிலை வைச்சுப் பாக்கிற பேறு இல்லை இது" என்று அண்ணருக்கும் மாமிக்கும் முன்னால்தான் சொன்னார். என் வீட்டுக்காரர் முற்றத்தில் நின்று கேட்டார். அன்றிலிருந்து அண்ணருக்கு வேறு யோசனை கிடையாது. எனக்கு நாள் வருவதற்குள் பிக்கப் ஓடவேண்டும்.

பழைய சட்டத்தின் நீளத்தையும் எஞ்சின் பூட்டும் துளைகளையும் ஒரு நீளப் பனஞ்சலாகையில் ஆணியால் குறித்துக்கொண்டார். அதைச் சைக்கிளில் நெடுக்காகக் கட்டிக்கொண்டு காலையில் வெளிக்கிடுவார். சந்தியில் நிற்பவர்கள் சும்மா விடுவார்களா? "தனக்குப் பொருத்தம் சரிவராதவர் பிக்கப்புக்குச் சாதகத்தோடை வெளிக்கிட்டிட்டார்" என்று பகிடி பண்ணுவார்கள். அண்ணரும் சிரித்துக்கொண்டே, "ஓம், நல்ல இடமாய் இருந்தால் சொல்லுங்கோ" என்பார். பின்னேரம் திரும்பி வரும்போது அந்தச் சிரிப்பு இருக்காது. விசுவமடுவில் கிடைத்தது ஒரு சாண் நீளம் கூடியது. மாங்குளத்தில் கிடைத்தது அளவு சரி, உள்ளே கறள் தின்று கையால் பிட்டால் உதிர்ந்தது. பரந்தனில் அதே கம்பனி வண்டி ஒன்று நின்றது. ஆனால் பிந்திய வருடம், எஞ்சின் துளை ஒன்றும் ஒத்துவரவில்லை. நான் வாசலில் கால் நீட்டி இருந்து அவர் முகத்தைப் பார்த்தே விசயத்தை அறிந்துகொள்வேன். என் கால் வீங்க வீங்க அவர் முகம் வற்றிக்கொண்டு போனது.

கடைசியில் வவுனியாப் பக்கம், பூவரசங்குளத்தில் ஒரு முசுலிம் நெல் வியாபாரியின் வளவில் அது கிடந்தது. அதே வண்டி, அதே வருடம். மதகில் கவிழ்ந்து மேற்கூடு நொறுங்கியிருந்தது. சலாகையை வைத்துப் பார்த்தார். ஒரு துளை பிசகவில்லை. வியாபாரி பக்கத்தில் வந்து நின்று, "என்ட தம்பியும் ஒரு கூலியாளும் இதுலதான் மௌத்தானாங்க. தெரிஞ்சுதான் கேக்கிறீங்களா?" என்றாராம். அண்ணர் தன் தங்கைக்குப் பேறுகாலம் என்பதைச் சொன்னார். அந்த மனிதர் குனிந்து இரும்பைக் கையால் தடவிவிட்டு, "கொண்டு போங்க. ஒரு பிள்ளைக்கு உதவட்டும்" என்றார். இதெல்லாம் அண்ணர் எனக்குச் சொன்னது. சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

கிளிநொச்சியில் சட்டம் பூட்டியபோது தட்டாமல் கொட்டாமல் இறங்கியதாம். கராச்காரர் கை துடைத்துக்கொண்டே ஒரு புத்தி சொன்னார். "எங்கை எடுத்ததெண்டு கேட்டால், வவுனியாவிலை எண்டு மட்டும் சொல்லுங்கோ. மிச்சம் வேண்டாம். எங்கடை சனத்தைத் தெரியும்தானே?"

அண்ணர் கேட்டாரா? பிக்கப் திரும்பி வந்த அன்று குடியேற்றமே கூடி நின்று பார்த்தது. மாமி, "எந்த இடத்துச் சட்டம் தம்பி?" என்று வாய் நிறையக் கேட்டார். அண்ணர் மதகையும் சொன்னார், இரண்டு சாவையும் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "பொருத்தம் பாக்கேக்கை ஒளிக்கிறதோ பிள்ளை?" என்று என்னையே கேட்டார். கூட்டம் கலைந்தது. கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கும்போது இரண்டு வீட்டுக் குறையையும் அவிழ்த்து வைக்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். இரும்புக்கும் அதைக் கொண்டுவந்து வைத்தவர் எங்கள் அண்ணர் ஒருவராகத்தான் இருப்பார்.

எனக்குக் குத்துத் தொடங்கியது நல்ல வெயிலில், மத்தியான நேரம். மாரி இன்னும் பிறக்கவில்லை, தெருவெல்லாம் செம்புழுதி. அண்ணர் பிக்கப்பைக் கொண்டுவந்து வாசலில் எஞ்சினை நிறுத்தாமல் விட்டார். மாமி வேலிப் படலையை மறித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, குறை நினையாதேங்கோ. ரெண்டு உயிர் போன வண்டி. இதிலை என்ரை மருமேளை ஏத்தமாட்டன்."

"மாமி, உயிர் போனது மேற்கூட்டுக்குள்ளை. அது அங்கையே கிடக்கு. இது அடிச்சட்டம் மட்டும்தான்."

"பாடை கட்டின தடியை எடுத்து ஆரும் கல்யாணப் பந்தல் போடுவினமோ?"

அண்ணர் பிக்கப்பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். பெண் கொடுத்தவர் சம்பந்தி வீட்டில் குரல் உயர்த்துவதில்லை. அந்த மரியாதையையும் அவர் அன்று விடவில்லை. அயலில் இருந்து வந்த பெண்கள் எல்லாரும் மாமியின் பக்கம். "என்னை ஏத்துங்கோ, என்னை ஏத்துங்கோ" என்று நான் கத்தினேன். வலியில் கத்துகிறவளின் சொல்லை யார் கணக்கில் எடுப்பார்கள்? என் வீட்டுக்காரர் தாயைப் பார்த்துவிட்டு மாட்டு வண்டிலைப் பூட்டினார்.

வைக்கோலில் கிடத்திக் கொண்டுபோனார்கள். வண்டிலுக்குப் பின்னால் அண்ணர் வெறும் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு வந்தார். மாட்டின் நடைக்கு நடை, முதற் கியரில், உறுமி உறுமி. மாமியின் மனம் வழியில் எங்கேயாவது மாறாதா என்றுதான். மாடு தண்ணீர் குடிக்க நின்றால் அவரும் நிற்பார். இறங்கி வந்து மாமியின் முகத்தைப் பார்ப்பார். மாமி மறுபக்கம் திரும்பிக்கொள்வார். அந்த எஞ்சின் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசல்வரை அது எங்களுக்குப் பின்னால் வந்தது.

பிள்ளை செத்துத்தான் பிறந்தது. ஆண் பிள்ளை. கொஞ்சம் முந்தி வந்திருந்தால் என்று டொக்டர் சொல்லத் தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இனிப் பிள்ளை இல்லை என்றும் சொன்னார்கள். என் மகன் அக்கராயனுக்குத் திரும்பி வந்தது அந்தப் பிக்கப்பில்தான். அதற்கு ஒருவரும் தடை சொல்லவில்லை.

அந்தப் போகம் முழுக்க நான் அண்ணரோடு பேசவில்லை. மாமியை வெறுத்ததைவிட அவரைத்தான் அதிகம் வெறுத்தேன். மாமிக்குப் பயம். பயந்த மனிதரை என்ன செய்வது? அண்ணருக்கு ஒரு பொய் போதும். வவுனியாவில் எடுத்தது என்ற இரண்டு சொல் போதும். அதைக்கூட அவர் எனக்காகச் சொல்லவில்லை. அவர் தினமும் வந்து படலையடியில் நின்றுவிட்டுப் போவார்.

பிறகு வந்த மாரியில் மாமிக்குக் காய்ச்சல் கடுமையாகி, நினைவு தப்பியது. என் வீட்டுக்காரர் இம்முறை யாரையும் கேட்காமல் தாயைத் தூக்கிப் பிக்கப்பில் போட்டார். மாமி பிழைத்து வந்தார். அதோடு ஊரின் பயம் விட்டுப்போனது. எத்தனையோ பேறுகளுக்கு அந்தப் பிக்கப் ஓடியது. அதில் போய்ப் பிறந்த பிள்ளைகள் இப்போது எங்கள் வேலியோரம் விளையாடுகிறார்கள். எனக்குச் சந்தோசம் என்று எழுதினால் அதுவும் பொய்யாகும்.

அண்ணருக்குப் பழைய மலேரியா ஈரலில் போய் நின்றது. வயிறு வீங்கி, கண் மஞ்சளித்து, சோறு இறங்காமல் கிடந்தார். அந்த நாட்களில் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து பருக்கியவர் மாமி. அதற்கு நான் அவருக்குக் கடமைப்பட்டவள். கராச்சைப் பூட்டிவிட்டு வந்து ஆஸ்பத்திரியில் காவல் இருந்த கிளிநொச்சி அன்பருக்கும், செத்தவீட்டுக்குப் பூவரசங்குளத்தில் இருந்து வந்து ஓரமாய் நின்ற வியாபாரி ஐயாவுக்கும், மருத்துவிச்சி அம்மாவுக்கும், பந்தல் போட்டு, சமைத்து, சுமந்து சென்ற குடியேற்றத்து உறவுகள் எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அவர் போவதற்கு முதல்நாள் பின்னேரம் ஆஸ்பத்திரியில் நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன்.

"அண்ணை, அண்டைக்கு நான் பிக்கப்பிலை ஏறியிருந்தால் பிள்ளை தப்பியிருக்குமோ?"

கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். நித்திரையாக்கும் என்று நினைத்தேன்.

"இல்லைப் பிள்ளை. அந்தச் சட்டம் பொருந்தேல்லை. பாதி வழியிலை நிண்டிருக்கும். நீ வண்டிலிலை போனதுதான் சரி" என்றார்.

அன்று காலை அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி வந்த அந்தப் பிக்கப் வெளியே மரத்தடியில் நின்றது. நான், "ஓம் அண்ணை" என்று சொல்லி அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன்.