தட்டாத டப்பா

நவோட்டாஸ் மீன் துறைமுகத்தில் ஐஸ் சுமக்கும் மெல்ச்சோர் அண்ணனுக்கு ஒரு கும்பாரே உண்டு என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கும்பாரேவுக்கு அது தெரியுமா என்பதில்தான் ஏழு வருடமாகத் தகராறு.

ஞானஸ்நானத்தில் ஒருவர் உங்கள் பிள்ளைக்கு ஞானத்தகப்பன் ஆகிவிட்டால் நீங்களும் அவரும் கும்பாரே. கிட்டத்தட்ட சம்பந்தி மாதிரி, கல்யாணம் மட்டும் கிடையாது. சுருக்கி ‘பாரே’ என்றும் கூப்பிடலாம். ஆனால் ‘பாரே’ என்று இங்கே பயணிகளை ஏற்றிப்போகும் ஜீப்னி ஓட்டுநர்கூட முன்பின் தெரியாதவனைக் கூப்பிடுவார். முழுசாகக் ‘கும்பாரே’ என்றால்தான் உறவு.

அண்ணனின் கும்பாரே சாதாரண ஆள் இல்லை. ஓர்லி லாக்ரிமாஸ். பரோலா சார்டின்ஸ் கூடைப்பந்து அணியில் ஐந்தாம் எண். மத்தி மீன் டப்பா விற்கும் கம்பெனியின் அணி என்பதால் நாங்கள் காலி டப்பாக்களைத் தட்டித்தான் ஆரவாரம் செய்வோம். எதிரணி ஆள் ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று எறிவது, போட நின்றால் அரங்கமே அதிரும். நம் ஆள் நின்றால் ஒரு டப்பாகூடச் சத்தம் போடாது. இரண்டையும் தொடங்கி வைப்பது மெல்ச்சோர் அண்ணன். ஹோட்டல்களுக்குப் போகிற பெரிய டப்பா அவருடையது. உடைந்துபோன ஐஸ் கொக்கியின் மரப்பிடியால் தட்டுவார். இருபத்திரண்டு வருடம் ஐஸ் பாளம் சுமந்ததில் அவருடைய வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரல் தாழ்ந்திருக்கும். டப்பாவைத் தூக்கிப் பிடிக்கும்போதும் அது சாய்ந்தேதான் இருக்கும்.

ஏழு வருடத்துக்கு முன்பு விளம்பரப் படம் எடுக்க ஓர்லி துறைமுகத்துக்கு வந்தார். காலணி நனையாமல் இருக்க ஒரு மீன் பெட்டியின் மேல் நின்றுகொண்டிருந்தாராம். அண்ணன் தோளில் ஐஸ் பாளத்தோடு நேரே அவரிடம் போனார்.

“என் பொண்ணு பொறந்து ஒன்பது நாள் ஆகுது. நீங்கதான் ஞானத்தகப்பனா நிக்கணும்.”

இப்படிக் கேட்டால் மறுக்கக் கூடாது. மறுத்தால் குழந்தைக்கு ஆகாது. ஐஸ் வேறு உருகி மீன் பெட்டிமேல் சொட்டிக்கொண்டிருந்தது. “சரி பாரே” என்றார் ஓர்லி.

ஞானஸ்நானத்தன்று அவருக்குப் பயிற்சி இருந்தது, வரவில்லை. வர முடியாதவருக்குப் பதிலாள் நிற்கலாம். நின்றது மூன்று சக்கர வண்டி ஓட்டும் தாசியோ அண்ணன். கோயில் பதிவேட்டில் ஏறியது ஓர்லியின் பெயர். மெழுகுவர்த்தி பிடித்ததில் மெழுகு வடிந்து சுட்டது தாசியோவின் கையை. அந்தச் சூட்டை அவர் இன்னும் மறக்கவில்லை.

“நெசமான கும்பாரே நான்தாண்டா” என்பார். “அவன் பேரு, என் கை.”

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் இவ்வளவுதான்: ஆட்டம் முடிந்ததும் அண்ணன் தடுப்புக் கம்பியோரம் போய் “கும்பாரே!” என்று கத்துவார். ஓர்லி கையைத் தூக்கி “பாரே!” என்பார். அண்ணனுக்கு அடுத்த ஆட்டம் வரைக்கும் அது போதும்.

போன வருட டிராஃப்ட் ஞாயிற்றுக்கிழமை வந்தது. புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நாள். பாசிங் அக்காவின் சாப்பாட்டுக் கடையில் டிவி முன்னால் தெருவே உட்கார்ந்திருந்தது. எங்களுக்கு ஒன்பதாவது இடம், யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. அப்போதுதான் திரையின் அடியில் அந்த வரி ஓடியது. பரோலா ஓர்லி லாக்ரிமாஸையும் தன் ஒன்பதாவது தேர்வையும் அலோன் பெயிண்ட்ஸுக்குக் கொடுக்கிறது, அலோனின் இரண்டாவது தேர்வை வாங்கிக்கொள்கிறது. வாங்கிய கையோடு ஜுன்ரே அம்பராடோ என்ற பையனை எடுத்துவிட்டார்கள். ஒசாமிஸ் ஊர், ஆறடி எட்டங்குலம், மேடையில் அவன் கோட்டின் கை மணிக்கட்டுக்கு வராமல் பாதியிலேயே நின்றது.

கடை இரண்டாகப் பிளந்தது.

“உயரம் வேணும்யா! மூணு வருஷமா வளையத்துக்குக் கீழ நம்மள நசுக்குறானுங்க” என்றார் தாசியோ.

“உயரத்த வெச்சு என்ன செய்ய? பல்பு மாட்டவா? பந்த யாரு கொண்டாந்து குடுப்பா?” என்றாள் பாசிங் அக்கா, கரண்டியை நீட்டி.

“முப்பத்தி நாலு வயசு ஆளு இன்னும் எத்தன நாளைக்குக் கொண்டாருவான்? முட்டி ரெண்டும் கட்டுப் போட்டிருக்கு.”

“உன் வண்டியில மூணு சக்கரமும் கட்டுப் போட்டிருக்கு. நாங்க ஏறல?”

சிரிப்பு அடங்கியதும் தாசியோ திரும்பினார். “மெல்ச்சோர், உன் கும்பாரே உனக்கு ஒரு போன் போட்டுச் சொன்னானா? ‘பாரே, நான் போறேன்’னு?”

அண்ணன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பொரித்த மீனில் ஒரு பக்கம் தின்று, மறுபக்கம் திருப்பாமல் வைத்திருந்தார்.

“படிச்சவ இருக்கா, அவளைக் கேளு” என்று யாரோ சொன்னார்கள். “காயா, நீ சொல்லும்மா.”

அது நான். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். புள்ளியியல். பட்டம் வாங்கியபோது என் படம் போட்ட துணிப் பதாகையைத் தெரு முனையில் கட்டியது மெல்ச்சோர் அண்ணன்தான். அவர் கட்டினால் வலது பக்கம் தாழும், தாழ்ந்தது. ஒரு கேள்வியை என்னிடம் கொண்டுவந்தார்கள் என்ற சந்தோஷத்தில் நான் போனைத் திறந்தேன். மூன்று பருவங்களாக ஓர்லி ஆடும் நிமிடங்கள் குறைந்தது, பந்தைத் தவறவிடுவது கூடியது, இரண்டாவதாக எடுக்கப்பட்ட ஆட்டக்காரர்கள் பொதுவாக எத்தனை ஆண்டு நிலைத்தார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். “அவர்கிட்ட ஒண்ணுதான் குறையவே இல்ல. ஃப்ரீ த்ரோ. நூறுல எண்பத்தொன்பது. மத்தபடி நமக்கு நல்ல பேரம்தான்” என்று முடித்தேன்.

பாசிங் அக்கா கரண்டியை இறக்கினாள்.

“சரிதான் காயா” என்றார் மெல்ச்சோர் அண்ணன். “கணக்கு சரிதான்.” மீனைத் திருப்பாமலே எழுந்து போனார்.

அன்று நான் சொன்னதில் ஒரு எண்கூடத் தப்பில்லை. இருந்தும் அந்த மீனின் திருப்பாத பக்கம் பல நாள் என் கண்ணில் நின்றது. நான் யாருக்குப் பதில் சொன்னேன்? அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவே இல்லையே.

பருவம் தொடங்கியது. அண்ணன் அரங்குக்கு வரவில்லை. அவர் மனைவி லூஸ் அக்கா டப்பாவில் துணிக் கவ்விகளைப் போட்டு வைத்துவிட்டாள். மூன்றாவது ஆட்டத்தில் வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தை ஜுன்ரே பதினாறு முறை பிடித்தான் என்ற செய்தி வந்தது. நான்காவது ஆட்டத்துக்கு அண்ணன் டப்பாவோடு வந்தார், அடியில் ஒரு கவ்வி ஒட்டிக்கொண்டிருந்தது. பையன் ஒரு பந்தை வளையத்துக்குள் அமுக்கியதும் ஒரே ஒரு தட்டு தட்டிவிட்டு, அடுத்தவர் தட்டிலிருந்து எடுத்துத் தின்றவர் மாதிரி சுற்றிப் பார்த்தார்.

டிசம்பரில் அலோன் பெயிண்ட்ஸோடு ஆட்டம். அண்ணன் மகள் லெங்லெங்கையும் கூட்டி வந்தார்.

“கிறிஸ்துமஸ் வருதுல்ல? ஞானத்தகப்பன நேர்ல பாக்கட்டும்” என்றார்.

“கிறிஸ்துமஸ்னா பரிசு குடுக்கணுமேன்னு ஞானத்தகப்பனுங்க ஒளிஞ்சுக்குவானுங்க. இவன் வேற டீமுக்கே ஓடிட்டான்” என்றார் தாசியோ.

பச்சைச் சட்டையில் ஓர்லியைப் பார்க்க வேறு யாரோ மாதிரி இருந்தது. அண்ணன் அன்று கம்பியோரம் போகவில்லை, கத்தவும் இல்லை. கடைசிப் பதினான்கு விநாடி. நாங்கள் ஒரு புள்ளி முன்னால். ஓர்லியை நம் ஆள் இடித்துவிட்டான். இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் விழுந்தால் எங்கள் கதை முடிந்தது.

எல்லோரும் டப்பாவைத் தூக்கிப் பிடித்து அண்ணனைப் பார்த்தோம். அவர் டப்பாவும் உயர்ந்தது, வலது பக்கம் சாய்ந்தபடி. மரப்பிடி காற்றில் நின்றது. ஓர்லி பந்தை மூன்று முறை தரையில் தட்டினார். அண்ணன் டப்பாவை மெதுவாக இறக்கி மடியில் வைத்தார். அதன் வாயின் மேல் கையை விரித்து மூடிக்கொண்டார்.

தொடங்குபவர் தொடங்காததால் யாரும் தட்டவில்லை. நம் ஆளுக்கு இருப்பது போன்ற அமைதி.

ஓர்லி தலை தூக்கி எங்கள் பக்கம் பார்த்தார். எறிந்தார். வளையத்தின் பின்பக்கம் பட்டு வெளியே. இரண்டாவது, முன்பக்கம் பட்டு வெளியே. ஜுன்ரே பந்தைப் பிடித்து அணைத்துக்கொண்டான். ஜெயித்துவிட்டோம்.

எங்கள் பகுதி அண்ணன் மேல் விழுந்தது. முதுகில் அடித்தார்கள், தலையைக் கலைத்தார்கள்.

“என்னா மூளைய்யா உனக்கு! சத்தம் போட்டா அவனுக்குப் பழக்கம். கம்முனு இருந்து கவுத்துட்டியே!”

“கும்பாரேவையே கவுத்த கும்பாரே!”

அண்ணனின் முகம் வெளிறிப்போயிருந்தது. “நான் தந்திரம் பண்ணல” என்றார். யாருக்கும் கேட்கவில்லை. பிறகு என் கையைப் பிடித்தார். “காயா, அவரும் இப்பிடித்தான நெனைப்பாரு? நான் வேணும்னே செஞ்சேன்னு?”

இந்த முறை என்னிடம் எண் எதுவும் இல்லை. “கேட்டுருவோம் அண்ணே” என்றேன்.

ஆட்டக்காரர்கள் பேருந்து ஏறும் வாசலில் நின்றோம். தாசியோவும் வந்தார், வேடிக்கை பார்க்க. ஓர்லி முட்டிகளில் ஐஸ் பை கட்டிக்கொண்டு நொண்டியபடி வந்தார். அண்ணனைப் பார்த்ததும் கையைத் தூக்கினார்.

“பாரே” என்றார். எப்போதும்போல. நடந்துகொண்டே.

லெங்லெங் அண்ணன் கையை விட்டுவிட்டு முன்னால் போனாள். ஓர்லியின் வலது கையைப் பிடித்து இழுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். ஞானத்தகப்பனைப் பார்த்தால் எந்தக் குழந்தையும் செய்வது அது. யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

ஓர்லி நின்றார். அவள் நெற்றியையும் தன் கையையும் பார்த்தார். பிறகு அண்ணனின் தோளை. தாழ்ந்த அந்த வலது தோளை.

“ஐஸு” என்றார். “என் ஷூ மேல சொட்டுச்சே. அந்தப் பாப்பாவா இது?”

“ஆமா. லெங்லெங். ஏழு வயசு.”

ஓர்லியால் முட்டி மடக்க முடியாது. இடுப்பை வளைத்துக் குனிந்தார். “கடவுள் உன்ன ஆசீர்வதிக்கட்டும்மா. ஏழு கிறிஸ்துமஸ் போச்சு. நீ எங்க ஒளிஞ்சிருந்த?”

“நான் ஒளியல. நீங்கதான் வரல” என்றாள் அவள்.

ஓர்லி ஆமாம் என்று தலையாட்டினார். நிமிர்ந்து அண்ணனைக் கேட்டார். “ஏன் தட்டல?”

“தந்திரம் இல்ல. சத்தியமா இல்ல. தட்டக் கை வரல.”

“தெரியும். அந்த அமைதி கேட்டதும் இன்னும் நம்ம சட்டதான் போட்டிருக்கேன்னு நெனச்சேன். குனிஞ்சு பாத்தா பச்ச.” கொஞ்சம் சிரித்தார். “அடுத்த தடவ தட்டிருங்க, கும்பாரே. அந்த அமைதிய மட்டும் என்னால தாங்க முடியல.”

பேருந்து கிளம்பிய பிறகும் அண்ணன் அங்கேயே நின்றார். தாசியோ தன் உள்ளங்கையைத் தடவிக்கொண்டிருந்தார், மெழுகு விழுந்த இடத்தை.

பிப்ரவரியில் மறுபடி அலோனோடு ஆட்டம். ஓர்லி ஃப்ரீ த்ரோ கோட்டில் வந்து நின்றதும் மெல்ச்சோர் அண்ணன் எழுந்து நின்று தட்டினார். அப்படி அவர் தட்டி நான் பார்த்ததில்லை. டப்பாவின் பக்கம் உள்ளே போனது, மரப்பிடி முறிந்து முன்வரிசையில் விழுந்தது. மிச்சத்தைக் கையாலேயே தட்டினார். ஓர்லி இரண்டையும் போட்டார். ஒரு புள்ளியில் தோற்றோம்.

ஜீப்னியில் திரும்பினோம். நசுங்கிய டப்பா அண்ணன் மடியில் இருந்தது.

“போச்சு” என்றார் தாசியோ, வெளியே பார்த்தபடி, குரலில் கேலி இல்லாமல். “உன் கும்பாரே நம்மள முடிச்சுட்டான்.”

அண்ணன் காதைக் கொடுத்தார். “யாரு?”

“உன் கும்பாரேதான்யா. வேற யாரு?”