சிவப்புப் பொட்டு வைத்த வானொலி

எங்கள் சமையலறை ஜன்னலோரத்தில் இருக்கும் வானொலிப் பெட்டியின் முகத்தில் ஒரு சிவப்புப் பொட்டு உண்டு. அலைவரிசை எண்கள் ஓடும் கண்ணாடியின் மேல், இரண்டு எண்களுக்கு நடுவே, நகச்சாயத்தால் வைத்த பொட்டு. கலிஃபோர்னியாவில் எங்கள் ஃப்ரீமான்ட் ஊர் நிலையம் பலம் குறைந்தது. அதன் இடப்பக்கம் ஓயாமல் பேசும் நிலையம் ஒன்று, வலப்பக்கம் விளையாட்டு வர்ணனை கத்தும் நிலையம் ஒன்று. இரண்டுக்கும் இடையில் முள்ளைப் பிசகாமல் நிறுத்தினால்தான், அந்த நாட்களில் ஞாயிறு காலை அரை மணி நேரம் தமிழ் கேட்கும். முள்ளை நிறுத்தத் தெரியாமல் திண்டாடிய வீடுகளுக்கெல்லாம் போய், கைப்பையிலிருந்து நகச்சாயக் குப்பியை எடுத்து, சரியான இடத்தில் பொட்டு வைத்துவிட்டு வந்தவர் சிஸ்டர். நான் எண்ணியவரை பதினேழு வீடுகள். "நான் வைக்காத பொட்ட ஊரு ரேடியோவுக்கெல்லாம் வச்சிட்டு வாரேன் பாத்தியளா அண்ணாச்சி" என்று சொல்லிச் சிரிப்பார். அவருடைய வெற்று நெற்றி அந்தச் சிரிப்பில் இன்னும் விரிந்தாற்போல் இருக்கும்.

சிஸ்டர் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அதனால் எல்லாருக்கும் சிஸ்டர். வாரநாட்களில் நோயாளிகளையும் ஞாயிற்றுக்கிழமையில் எங்களையும் கவனித்துக்கொண்டார் என்று சொல்வது மிகையில்லை. தொண்ணூறுகளின் நடுவில் இங்கே வந்த தமிழ்க் குடும்பங்களில், ஆண்களுக்கு அலுவலகமும் பிள்ளைகளுக்குப் பள்ளியும் இருந்தன. மனைவிமாருக்கு நான்கு சுவர்கள் இருந்தன. என் மனைவி பொள்ளாச்சிக்காரி. நாற்பத்தெட்டு வயதில் என்னோடு வந்து சேர்ந்தாள். கார் ஓட்டத் தெரியாது. ஆங்கிலத்தில் யாராவது கூப்பிடுவார்களோ என்று ஃபோனையே எடுக்கமாட்டாள். நான்தான் பேசுகிறேனே என்று ஒருமுறை சொன்னேன். "நீங்க எங்கிட்டப் பேசறது தமிழாங்க? வெறும் கணக்குங்க. பால் எத்தன கேலன், கரண்டு எத்தன யூனிட்டு" என்றாள். நான் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்த்தவன். எண்ணாமல் ஒரு படிக்கட்டுகூட ஏறியதில்லை. ஆக, வாரத்தில் அந்த அரை மணி நேரம்தான் அவளோடு யாரோ தமிழில் பேசினார்கள். நிகழ்ச்சியை நடத்திய சிஸ்டர், பாட்டுகளுக்கு நடுவே, யார் வீட்டுக்கு ஊரிலிருந்து மாமியார் வந்திருக்கிறார், மௌரி அவென்யூ கடைக்கு முருங்கைக்காய் வந்துவிட்டதா, காய்ச்சலுக்கு எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும், எப்போது வேண்டாம் என்றெல்லாம் சொல்வார். என் மனைவி வானொலிக்குப் பதில் சொல்லிக்கொண்டே தோசை வார்ப்பாள்.

நான் நிலையத்துக்குள் நுழைந்ததும் இந்தக் கணக்குப் புத்தியால்தான். நிகழ்ச்சி சில வாரங்களில் பாட்டின் நடுவிலேயே அறுந்துபோவது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரே போய், பாட்டுகளின் நீளத்தைக் கூட்டிச் சரிபார்த்துத் தருகிறேன் என்றேன். "வாங்க அண்ணாச்சி, எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம்" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அன்றிலிருந்து கடிகாரம் என் பொறுப்பு.

அது டயர் கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றைமாடிக் கட்டடம். நாள் முழுக்க நாட்டுப்புற ஆங்கிலப் பாட்டும் பழைய கார் விளம்பரமும் ஓடும். ஞாயிறு காலையில் மட்டும் அரை மணி அரை மணியாக வெவ்வேறு மொழிக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். ஒரு வாரம் நாங்கள் போனபோது நடைபாதையில் புதிய மனிதர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நிலையம் கைமாறிவிட்டது, அவர்தான் புது மேனேஜர், டெக்சாஸிலிருந்து வந்திருக்கிறார். வரும் ஞாயிறு முதல் இருபத்துநான்கு மணி நேரமும் கிறிஸ்தவ இசை மட்டும்தான், வாடகை நிகழ்ச்சிகள் கிடையாது என்று மரியாதையாகச் சொன்னார். எங்களுக்கு முந்தைய அரை மணியை நடத்திவந்த போர்த்துகீசியக்காரர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சொல்வது என்பதே கவலை.

செய்தி அதற்குள் பரவிவிட்டது. அன்று மதியம் ஒரு பிறந்தநாள் விருந்தில் குபெர்டினோவிலிருந்து வந்த ஒருவர், தட்டும் கையுமாக சிஸ்டரை மடக்கினார். "என்ன சிஸ்டர், உங்க ஆளுங்களே வந்து உங்க ப்ரோக்ராம கேன்சல் பண்ணிட்டாங்களாமே?"

"எங்க ஆளுவளா? அவுக டெக்சாஸு, நான் நாசரேத்து. ரெண்டுக்கும் எத்தன மைல்னு அண்ணாச்சிகிட்ட கேளுங்க, சொல்லுவாக."

சிரித்துவிட்டு, பேச்சோடு பேச்சாக என் பக்கம் திரும்பினார். "கிறிஸ்தவப் பாட்டுதான வேணும்? நம்மகிட்ட இல்லாததா? நாளைக்கு லீவு போடுங்க, போவோம்."

மறுநாள் மேனேஜர் அறையில் நடந்தது எனக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. தானும் கிறிஸ்தவள் என்று சிஸ்டர் சொன்னதும் அவர் மகிழ்ந்துபோய், எப்போது மதம் மாறினீர்கள் என்று பரிவோடு கேட்டார். சிஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்து, ஆங்கிலத்தில், நான் நாசரேத்தில் பிறந்தவள் என்றார். மேனேஜர் கையிலிருந்த காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் தோன்றிய பயபக்தியை நான் வேறெங்கும் கண்டதில்லை. அது திருநெல்வேலிப் பக்கம், திருச்செந்தூர் போகிற ரயில் அங்கே நிற்கும் என்று நான்தான் விளக்க வேண்டியிருந்தது.

பிறகு சிஸ்டர் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த மூன்று கேசட்டுகளில் ஒன்றைப் போட்டார். வயலின் ஒரு இழு இழுத்தது, மிருதங்கம் சேர்ந்துகொண்டது, பாடகர் குழு ஆனந்த பைரவி ராகத்தில் ஒரு கீர்த்தனையை எடுத்தது. மேனேஜர் கையை உயர்த்தினார். அம்மா, இது கோயில் பாட்டு, என் பக்கத்து வீட்டில் தினமும் கேட்கிறேன் என்றார். சிஸ்டர் கோபப்படவில்லை. கேசட்டைப் பின்னால் ஓட்டி, மேஜையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டே ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் சொன்னார். மாட்டுத்தொழுவம் வந்தது, மேய்ப்பர்கள் வந்தார்கள், சிலுவை வந்தது. கடைசியில், உங்கள் கலிஃபோர்னியா ஒரு மாநிலமாக ஆவதற்கு முன்பே எங்கள் ஊர்ப்பக்கம் இப்படிப்பட்ட பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள் என்றார். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் மனக்கணக்காகக் கழித்துப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றேன்.

ஒரே ஒரு ஞாயிறு தருகிறேன், கேட்கிறவர்கள் ஃபோன் செய்தால் தொடரலாம், இல்லையென்றால் இல்லை. சினிமாப் பாட்டு கூடாது. அவருடைய நிபந்தனை அவ்வளவுதான். நம்மைக் கேட்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இந்துக்கள், சினிமாப் பாட்டுக்காகக் கேட்பவர்கள், ஃபோன் அடிக்கக் கூச்சப்படுபவர்கள் என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தேன். "அவுகளுக்கு வேண்டியது தமிழு அண்ணாச்சி. நடுவுல நான் பேசுவேம்லா? நீங்க கடிகாரத்தப் பாருங்க" என்றார் சிஸ்டர்.

அந்த ஞாயிறு மேனேஜர் தானே தொலைபேசி அருகில் உட்கார்ந்துகொண்டார். அதில் ஐந்து இணைப்புகளுக்கு ஐந்து விளக்குகள். சிஸ்டர் வழக்கம்போல வணக்கம் சொன்னார், மௌரி அவென்யூவில் நல்ல கத்தரிக்காய் வந்திருக்கிறது என்றார், இனிமேல் இங்கே கீர்த்தனைதான், பிடித்தால் ஃபோன் பண்ணுங்கள், பிடிக்காவிட்டாலும் பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டு ஆனந்த பைரவியைப் போட்டார். அனுபல்லவி முடிந்தது. ஒரு விளக்கும் எரியவில்லை. சரணம் தொடங்கியது. நான் கடிகாரத்தை விட்டுவிட்டு விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் விளக்கு எரிந்தது. மேனேஜர் எடுத்துக் கேட்டார், முகம் மலர்ந்தது. ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு எங்களிடம் சொன்னார்: "ஒரு பெண்மணி. நான் இந்து, இது என் நிகழ்ச்சி, நிறுத்தாதீர்கள் என்கிறார். அப்புறம், அங்கே எண்ணிக்கொண்டு நிற்கிற என் கணவரிடம் வரும்போது கறிவேப்பிலை வாங்கிவரச் சொல்லுங்கள் என்கிறார்."

ஆங்கிலத்தில்! என் மனைவி! நான் பதில் சொல்வதற்குள் இரண்டாவது விளக்கு எரிந்தது, மூன்றாவது எரிந்தது, ஐந்தும் எரிந்தன. ஒன்றை வைத்தால் இன்னொன்று. சான் ரமோனிலிருந்து ஒருவர், அந்தப் பாட்டைத் தன் மகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், எழுதித் தருவீர்களா என்று கேட்டார். இருபத்திரண்டுக்கு மேல் நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். என் வாழ்நாளில் நானாக எண்ணுவதை நிறுத்தியது அன்றுதான்.

நிகழ்ச்சி முடிந்ததும் மேனேஜர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, குழப்பத்தோடு கேட்டார். கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் ஆனந்த பைரவி, ஆனந்த பைரவி என்றார்களே, அது எந்தச் சபை? பாப்டிஸ்டுகளைத் தெரியும், மெத்தடிஸ்டுகளைத் தெரியும், இதைக் கேள்விப்பட்டதே இல்லையே என்றார்.

சிஸ்டர் கண் இமைக்காமல் சொன்னார்: "பெரிய சபை சார். நாங்க எல்லாருமே அதுல மெம்பர்."

நிகழ்ச்சி தொடர்ந்தது. ஒரு வாரமல்ல, ஆண்டுக்கணக்கில். மேனேஜரே சில வாரம் 'கீர்ட்டனி' என்று தமிழில் அறிவிக்கத் தொடங்கினார். சிஸ்டருக்கு டூட்டி விழுந்த வாரங்களில் மைக்கின் முன்னால் உட்கார்ந்தது யார் தெரியுமா? பொள்ளாச்சிக்காரிதான். பேச ஆளில்லாமல் இருந்தவள், ஊருக்கே பேசினாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நேரமாகிவிட்டது என்று நான் கை காட்டினால், என்னைப் பார்க்காததுபோல் இன்னும் கொஞ்சம் பேசுவாள்.

சிஸ்டர் ஓய்வுபெற்றபின் மகளோடு இருக்கிறார். எங்கே என்று நினைக்கிறீர்கள்? டெக்சாஸில்! அவரோடு தமிழ் அரை மணியும் ஓய்வு பெற்றது. இப்போது தமிழ் எல்லார் சட்டைப்பையிலும் கேட்கிறது. ஆனால் நிலையம் அதே இடத்தில் இருக்கிறது, அதே கிறிஸ்தவ இசை. இன்று காலை பொட்டு உதிர்ந்திருப்பதைப் பார்த்து, என் மனைவி நகச்சாயம் எடுத்துவந்து புதிதாக வைத்தாள். ஒரு மில்லிமீட்டர் வலப்பக்கம் தள்ளிப்போய்விட்டது, கேட்காது என்றேன். அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் முள்ளைத் திருப்பிப் பொட்டின் கீழ் நிறுத்தினாள். கிதாரும் ஆங்கிலப் பாட்டுமாகச் சுத்தமாகக் கேட்டது.

தோசைக் கரண்டியோடு சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

"இது எந்தச் சபைங்க?"

"நம்ம சபைதான்" என்றேன்.