பத்தாவது பாஸ் துலுக்கானம்

பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போன துலுக்கானம், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து மறுபடியும் இழுத்துப் பார்க்கிறார். பூட்டு பூட்டியபடியேதான் இருக்கிறது. "நான் பாத்துக்கறேன், நீ போண்ணா" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போன பக்கத்து வீட்டுப் பெண்மணி, இப்போதெல்லாம் அவர் தலையைக் கண்டாலே உள்ளே போய்விடுகிறாள். ஒருநாள் மனைவி வேம்புலியம்மாள் குளித்துக்கொண்டிருக்கும்போதே வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்ட ஆசாமி இவர். "இன்னா பண்றது, கை பழகிப்போச்சு" என்றார் அன்று சாயங்காலம். அதற்கு வேம்புலியம்மாள் சொன்னதை இங்கே அச்சில் போட முடியாது.

திருமுல்லைவாயில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஷீட் போட்ட வீடு. வயது முப்பத்தொன்பது. அம்பத்தூர் எஸ்டேட்டில், பால் பண்ணைகளுக்கு எவர்சில்வர் தொட்டி செய்கிற பட்டறையில் ஆர்கான் வெல்டர். மனிதர் பயப்படாத இடம் உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது அந்தப் பட்டறைதான். முகமூடியை இறக்கிக்கொண்டு குனிந்தார் என்றால் பற்றவைத்த கோடு தையல் போட்டது போல ஒரே சீராக ஓடும். வெளியே வந்து வண்டியை உதைத்ததும் ஆரம்பித்துவிடும். கேஸை மூடினோமா, மோட்டாரை நிறுத்தினோமா, மகள் காவ்யா டியூஷனிலிருந்து வந்துவிட்டாளா? "எதுக்கும் ஒரு தபா பாத்துக்கறேனே" என்று அவர் கிளம்பினால் வீட்டில் யாரும் தடுப்பதில்லை.

இந்தப் பயத்துக்கு ஒரு தேதி உண்டு என்கிறாள் வேம்புலியம்மாள். 2015 வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. பீரோவில் இருந்த காகிதமெல்லாம் கூழாகிப்போக, துலுக்கானத்தின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் மட்டும் ஏதோ ஒரு பாலிதீன் பையில் கிடந்து பிழைத்தது. அவர் குடும்பத்தில் பத்தாவது தேறியவர் அவர் ஒருவர்தான். இங்கிலீஷில் தட்டுத்தடுமாறித்தான் கரையேறினார்; ஆனாலும் பாஸ் பாஸ்தானே! வாசல் சேறு காய்வதற்குள் அதை எடுத்துக்கொண்டு மஸ்தான் பாயின் ஜெராக்ஸ் கடைக்கு ஓடி லேமினேஷன் போட்டார். அதோடு கை நின்றதா? கல்யாணப் பத்திரிகை, காவ்யாவின் தடுப்பூசி அட்டை, மிக்சி வாங்கியபோது கொடுத்த வாரண்டி அட்டை என்று அந்த வாரமே பரண்மேல் கிடந்து மிஞ்சிய எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை ஏறிவிட்டது. மிக்சி செத்துப்போய் எத்தனையோ வருடமாகிறது. அட்டை இன்றைக்கும் பளபளவென்று இருக்கிறது.

இந்த வருடம் பட்டறையை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மாற்றப்போவதாகவும், பாதிப் பேரைத்தான் கூட்டிப்போவார்கள் என்றும் பேச்சு வந்தது. அந்த நேரம் பார்த்து ஓமனில் வேலை. இரண்டு வருட ஒப்பந்தம். நேர்முகத்தில் பற்றவைத்துக் காட்டச் சொன்னார்கள். முதல் ஆளாகத் தேறினார். நாற்பது தாண்டியவர்களை எடுக்க மாட்டார்களாம், ஆகவே இதை விட்டால் இன்னொன்று இல்லை. பூந்தமல்லியில் இருக்கும் ஏஜென்சிக்குப் போனபோது, அங்கே வேலை பார்க்கும் உதயகுமார் என்ற இளைஞர் சான்றிதழைக் கேட்டார்.

"பத்தாவது சர்டிபிகேட் பின்னாடி கவர்மெண்ட் சீல் குத்தி வாங்கணும்ண்ணே. அது இருந்தாத்தான் அந்த ஊர்க்காரன் நீங்க படிச்சத படிப்புன்னு ஒத்துக்குவான்."

துலுக்கானம் மார்பை நிமிர்த்திக்கொண்டு சான்றிதழை எடுத்து நீட்டினார். உதயகுமார் அதை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இன்னாண்ணே இது? பிளாஸ்டிக் மேல எப்டி சீல் குத்துவாங்க? ரெண்டு பக்கமும் பிரிச்சு எடுத்துனு வாங்க. மாசக் கடைசிக்குள்ள வர்லன்னா சீட்டு வேற ஆளுக்குப் போயிடும்."

"புச்சா ஒண்ணு வாங்கிக்கலாமா தம்பி?"

"தொலைஞ்சி போனவங்களுக்குத்தான் டூப்ளிகேட்டு. அதுவும் மாசக்கணக்குல இழுக்கும்."

பத்திரமாக வைத்திருந்ததுதான் குற்றம் என்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. போட்ட கடைக்கே போய் நின்றார். மஸ்தான் பாய் தூக்கிப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "கிழிஞ்சா உன் மூஞ்சில நான் முழிக்க முடியாது நைனா. நீயே பாத்துக்க."

வெல்டர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அசல் வேலையில் கை வைப்பதற்கு முன் அதே தகட்டில் ஒரு துண்டை வெட்டிப் பற்றவைத்துப் பார்ப்பார்கள். டெஸ்ட் பீஸ். துலுக்கானமும் காவ்யாவின் பழைய கேள்வித்தாள்களை அள்ளிக்கொண்டு போய் லேமினேஷன் போட்டுக்கொண்டு வந்தார். வீட்டில் துணி விரித்து, மேலே இஸ்திரிப் பெட்டியை ஓட்டி, சூட்டோடு சூடாகப் பிரித்தார். முதலில் ஒன்று கருகியது, அடுத்தது கிழிந்தது, பிறகு எல்லாம் அழகாக வரத்தொடங்கின. பிரிப்பதற்கென்றே ஒட்டச் சொல்கிற வாடிக்கையாளரை மஸ்தான் பாய் அதுவரை பார்த்ததில்லை. அசல் மட்டும் பீரோவை விட்டு வெளியே வரவில்லை. உதயகுமார் போன் செய்யும்போதெல்லாம் "தோ, நாளிக்கு" என்பார். போனை வைத்ததும் இன்னொரு கேள்வித்தாளைப் பிரிக்க உட்கார்ந்துவிடுவார்.

"ஒட்றதும் நீ, பிரிக்கறதும் நீ. ஊட்ல ஒரு காயிதம் உசுரோட இல்ல" என்றாள் வேம்புலியம்மாள். "எப்பய்யா அத்த எடுக்கப்போற?"

"கை நல்லா பழகட்டும்மே."

"இன்னா பழகறது? நீ பிரிச்சதெல்லாம் நேத்து ஒட்டினது. அது பத்து வருசமா ஒட்டிகினு கீது."

துலுக்கானம் கையிலிருந்த கேள்வித்தாளைக் கீழே போட்டார். இதை எப்படி யோசிக்காமல் போனோம்! இத்தனை நாள் வேறு தகட்டிலல்லவா பழகியிருக்கிறார்! ஓடிப்போய் மிக்சி வாரண்டி அட்டையை எடுத்தார். அதே வாரம், அதே கடை, அதே பசை. சூடு காட்டிப் பிரித்தபோது எழுத்தெல்லாம் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து திட்டுத்திட்டாகப் பெயர்ந்து வந்தது. இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

வேம்புலியம்மாள் பீரோவைத் திறந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். "இந்தா. இதுல பாரு."

"அய்யே, இது வாணாம்மே."

"நாம கீறோம் இல்ல? பத்திரிக வெச்சி இன்னா பண்ணப் போறோம்? சூட்ட கம்மி பண்ணிப் பாரு."

சூட்டைக் குறைத்து, அங்குலம் அங்குலமாகப் பிரித்தார். முக்கால்வாசி நன்றாகவே வந்தது. மணமகள் பெயர் இருந்தது. மணமகன் பெயரில் பாதி பிளாஸ்டிக்கோடு போய்விட்டது. துலுக்கானம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "போனா போவுது, ஆள் இங்கதான கீற" என்று சிரித்தாள் அவள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, அசல் வெளியே வந்தது. சூடு காட்டுகிற வரைக்கும் தாங்கினார். முனையைக் கிள்ளும்போது விரல்கள் ஆடின, ஆட்டமென்றால் அப்படி ஓர் ஆட்டம். பட்டறை ஆட்கள் பார்த்தால் நம்ப மாட்டார்கள்.

"குடு இப்டி" என்று வாங்கிக்கொண்டாள் வேம்புலியம்மாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். பிளாஸ்டிக் பிரிகிற சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

"பேரு கீதா?"

"கீது."

"பொறந்த தேதி?"

"கீது."

"நம்பரு? மார்க்கு?"

"எல்லாம் கீது. ஸ்கூல் சீல்ல ஓரமா கொஞ்சம் போய்ட்ச்சி. திரும்புய்யா, பாரு."

திரும்பினார். பத்து வருடத்துக்குப் பிறகு வெறும் காகிதமாக, மஞ்சள் பாய்ந்து, தொட்டால் கிழிந்துவிடும் போலக் கிடந்தது அவருடைய படிப்பு. அவர் கண்ணுக்கு மற்றதெல்லாம் தெரியவில்லை, போன ஓரம் மட்டும்தான் தெரிந்தது. "அதான் போச்சு, ஒத்துக்க மாட்டான்" என்று முனகிக்கொண்டே வீட்டை அளந்தார். தனியாக அனுப்பினால் பாதி வழியில் திரும்பிவிடுவார் என்று தெரிந்து, வேம்புலியம்மாளும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவரோடு கிளம்பினாள்.

நகரத்தில் சீல் போட்டுத் தருகிற அரசு அலுவலகத்தில் கண்ணாடி போட்ட அம்மாள் ஒருவர் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "லேமினேஷன் பிரிச்சீங்களா?" என்று கேட்டார். துலுக்கானம் மனைவியைப் பார்த்தார். "ஆமாம்மா, நான்தான் பிரிச்சேன்" என்றாள் வேம்புலியம்மாள். அந்த அம்மாள் கணினியில் எதையோ ஒப்பிட்டுப் பார்த்தார். "பேர், நம்பர் எல்லாம் சரியா இருக்கு. போதும். வெச்சுட்டுப் போங்க, நாளைக்குச் சாயங்காலம் சீல் போட்டுத் தருவாங்க."

வேலை முடிந்தது, அதாவது, ஓமன் நிச்சயமாகிவிட்டது. வெளியே வந்தவர் மகிழ்ந்தாரா என்றால், அதுதான் இல்லை. தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கப் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு அந்தக் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஜன்னலு தெறந்து கீது. மழ கிழ வந்தா? எதுக்கும் ஒரு தபா போய் சொல்லிட்டு வர்ட்டா?" என்றார்.

"யோவ், ஒரு காயிதத்த ஒரு நாளு வுட்டுட்டு வர்றதுக்கே இந்தப் பாடு பட்றியே" என்றாள் வேம்புலியம்மாள். "என்னியும் பொண்ணியும் ரெண்டு வருசம் வுட்டுட்டு நீ எப்டிய்யா இருக்கப்போற?"

கிண்டலாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரிக்கவும் செய்தாள்.

துலுக்கானம் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவர்கள் ஏறவேண்டிய அம்பத்தூர் பஸ் வந்து நின்றது. "ஏறுங்க ஏறுங்க" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். "இன்னாய்யா இது, நாலு பேர் பாக்கறாங்க, வுடு" என்று அவள் கையை இழுத்தாள். பஸ் கிளம்பிப் போனது. அவர் விடவில்லை.